நிற்காத புள்ளி

ஜூன் 16, ஞாயிறு

இந்த நோட்டு கட்டுரைப் போட்டியில் எனக்குக் கிடைத்த பரிசு. தினமும் எழுதினால் நடை தானாக வரும் என்று தமிழம்மா சொன்னார். என் பெயர் நிவாஷினி. ஒன்பதாம் வகுப்பு, ஆ பிரிவு, நாமக்கல். பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான் முதல் பக்கத்தில் எழுத நினைத்திருந்தேன். ஆனால் நாளை வீட்டில் அதைவிடப் பெரிய விஷயம் நடக்கப்போகிறது.

அம்மா லாரி ஓட்டப் போகிறாள்.

பழகப் போகிறாள் என்று எழுதுவதுதான் சரி. இத்தனை நாள் குட்டியானை வேனில் முட்டை ஏற்றிக்கொண்டு போய்க் கடைகளுக்குப் போட்டாள். போன மாதம் கனரக வண்டிக்கான லைசென்ஸ் வாங்கிவிட்டாள். ஒரு கம்பெனியில் பெண்கள் ஆறு பேரைச் சேர்த்திருக்கிறார்கள். எட்டு வாரம் பழக்குவார்கள். கடைசியில் நாக்பூர் வரை ஒரு சோதனை ஓட்டம். அதில் தேறுகிற இரண்டு பேருக்கு மட்டும்தான் வண்டி.

அப்பா இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டியவர். சர்க்கரை கண்ணுக்குப் போய்விட்டது. டிவியில் யார் பேசுகிறார்கள் என்பதைக் குரலை வைத்துத்தான் சொல்கிறார். இன்று சாப்பிடும்போது, “பதினாலு சக்கரம் புள்ள அது. முட்டை அட்டை இல்ல” என்றார்.

“ஒரு முட்டை ஒடையாம குண்டு குழியில ஓட்டினவளுக்கு ஜவ்வரிசி மூட்டை என்னங்க பண்ணும்?” என்றாள் அம்மா.

அப்பா சிரித்தார். ரொம்ப நாளாகிவிட்டது அவர் சிரித்து.

முட்டை வண்டியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதனால் இது கிடைக்காவிட்டால் அம்மா திரும்பிப் போக இடம் கிடையாது. திருப்பூர் அத்தை வாரம் ஒருமுறை போன் செய்கிறாள். “பத்தாவது முடிச்சதும் பாப்பாவ இங்க தாட்டி விடு, பனியன் கம்பெனியில சேத்தி விடறேன்.” அம்மா ‘ம்’ என்று மட்டும் சொல்வாள். சரி, மாட்டேன், இரண்டும் அந்த ‘ம்’முக்குள் இருக்கிறது.

ஜூன் 20, வியாழன்

பள்ளி விட்டதும் நேராகக் கம்பெனியின் லாரி யார்டுக்குப் போனேன். டிரம்களை வரிசையாக வைத்து, நடுவில் லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்கிறார்கள். கற்றுக்கொடுப்பவர் துரைராசு மாஸ்டர். தோளில் எப்போதும் ஒரு ஈரத்துண்டு. “கண்ணாடியப் பாரும்மா! பவுடரு சரியா இருக்குதான்னு பாக்கறதுக்கு இல்ல அது!” என்று கத்தினார்.

உள்ளே இருந்தது ஜெபமாலை அக்கா. திண்டுக்கல்காரர். “பவுடர் போட்டுட்டு வந்தா டிரம்மு எந்திரிச்சு வழி விடுமா மாஸ்டர்? சொல்லுங்க, நாளைக்கே போட்டுட்டு வர்றேன்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர் துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

அம்மா ஒரு டிரம்மையும் தொடாமல் எடுத்தாள்.

ஜூன் 29, சனி

முதல் ஓட்டம், தூத்துக்குடி போய்த் திரும்பினார்கள். ஆறு பேர் ஐந்து பேர் ஆகிவிட்டார்கள். காரணத்தை அம்மா மாவு ஆட்டிக்கொண்டே சொன்னாள்.

லாரிக்குள் ஒரு மிஷின் இருக்கிறதாம். வண்டி எங்கே எத்தனை நிமிடம் நின்றது என்று ஆபீசுக்குச் சொல்லிவிடும். அதற்குப் பெயர் ஸ்டாப்பேஜ் ரிப்போர்ட். மதியச் சாப்பாட்டுக்கும் இரவுத் தங்கலுக்கும் நிற்பது கணக்கில் வராது. மற்ற இடத்தில் நின்றால் ஒவ்வொன்றும் ஒரு எண். வேண்டாம் என்று அனுப்பிவிட்ட பெண்ணின் வண்டி நான்கு இடத்தில் நின்றது. நான்கும் பெட்ரோல் பங்க்.

“எதுக்கும்மா பங்க்ல?”

“எதுக்குன்னா என்ன சொல்றது கண்ணு. ஒண்ணுக்கு.”

“ஆம்பளைங்க வண்டி நிக்காதா?”

“சாப்பாட்டுக்கு நிக்கறப்பவே அவங்களுக்கு ஒரு வேலி போதும். நமக்கு அங்க கதவே கெடயாது.” மாவைத் தள்ளிவிட்டு, மேனேஜர் குரலில் பேசிக் காட்டினாள். “பொம்பள வண்டின்னா நின்னு நின்னுதான் போகுமா? பஸ்ஸா ஓட்டறீங்க?”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவள் வண்டி இரண்டு இடத்தில் நின்றிருக்கிறது.

ஜூன் 30, ஞாயிறு

இன்று அம்மாவுக்கு ஒரு வழி சொன்னேன். எனக்கே பெருமையாக இருக்கிறது.

எங்கள் பள்ளியில் கழிப்பறைக் கதவு இரண்டுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, மூன்றாவது எப்போதும் பூட்டியிருக்கும். அதனால் எங்கள் வகுப்பில் யாரும் காலையில் தண்ணீர் குடிப்பதில்லை. எட்டுப் பாடவேளையும் தாங்கிவிடும். முதல் ஒரு வாரம் தலை வலிக்கும், பிறகு பழகிவிடும். இதை அப்படியே சொன்னேன்.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நீயும் குடிக்கறதில்லையா?”

“எல்லாரும்தாம்மா.”

இனிமேல் தண்ணீர் குடி என்று சொல்லவில்லை. “எத்தன மணி நேரம் தாங்கும்?” என்று கேட்டாள்.

இன்னொன்றும் சொன்னேன். நூலகத்தில் பாலைவனப் பயணிகளைப் பற்றி ஒரு புத்தகம் படித்தேன். ஒட்டகத்தில் போகிறவர்கள் வாயில் ஒரு கூழாங்கல்லைப் போட்டுக்கொள்வார்களாம். எச்சில் ஊறும், தாகம் தெரியாது. கூழாங்கல்லுக்குப் பதில் நான் புளியங்கொட்டை எடுத்துக் கொடுத்தேன். அம்மா வாயில் போட்டுப் பார்த்தாள். “அட, ஆமா கண்ணு!” என்றாள்.

ஜூலை 1, திங்கள்

ஏழு மணி நேரம்.

ஜூலை 7, ஞாயிறு

நோட்டின் பின்பக்கத்தில் ஒரு வரைபடம் போட்டிருக்கிறேன். கிடைக்கோட்டில் தேதி, செங்குத்துக் கோட்டில் மணி நேரம். ஏழு, ஏழரை, எட்டு, எட்டு, ஒன்பது. கோடு மேலே ஏறுகிறது. ஸ்டாப்பேஜ் ரிப்போர்ட்டுக்குத் தனியாகச் சிவப்பு மை: இரண்டு, ஒன்று, ஒன்று. அது கீழே இறங்குகிறது. அது பூஜ்ஜியத்தைத் தொடப்போகும் இடத்தில் நட்சத்திரம் வரைந்தேன்.

அப்பாவுக்குச் சர்க்கரை ஊசி போட்டேன். ரசம் வைத்தேன். புளி கரைக்கும்போது கொட்டைகளைக் கழுவி, காயவைத்து, டப்பாவில் போட்டேன். முப்பத்தொன்று இருக்கின்றன.

ஜூலை 12, வெள்ளி

பெங்களூர் ஓட்டம். சிவப்பு மையில் பூஜ்ஜியம்! மாஸ்டர் எல்லோர் முன்னாலும் அம்மாவைக் காட்டி, “பூங்கொடியப் பாத்துக் கத்துக்கங்க” என்றாராம். ஜெபமாலை அக்கா அம்மாவின் காதில், “உனக்கு ஒடம்புல குழாயே இல்லையா?” என்று கேட்டிருக்கிறார். அம்மா புளியங்கொட்டையைக் காட்டினாளாம்.

ஜூலை 18, வியாழன்

அறிவியலில் சிறுநீரகம் படம் வரைந்தோம். பத்துக்குப் பத்து. என் படத்தை டீச்சர் வகுப்பில் சுற்றுக்கு விட்டார். அவரைக்கொட்டை வடிவம், கைமுட்டி அளவு, ஒவ்வொன்றிலும் பத்து லட்சம் நெஃப்ரான்கள். நல்ல ஆரோக்கியமுள்ளவர் ஒரு நாளில் ஒன்று முதல் இரண்டு லிட்டர் சிறுநீர் கழிப்பார் என்று புத்தகத்தில் இருந்தது. அதன் கீழே கோடு போட்டேன். அளவுகோல் இல்லாததால் கோடு கோணலாகப் போய்விட்டது.

ஜூலை 21, ஞாயிறு

அம்மா இன்று குளியலறையில் இருந்து வர நேரமானது. உள்ளே குழாயைத் திறந்து விட்டிருந்தாள், சத்தம் வெளியே கேட்காமல் இருக்க. வந்ததும் முகம் வெளிறியிருந்தது.

“ஒண்ணுமில்ல கண்ணு. சூடு. நீர்க்கடுப்பு. இஞ்சின் மேல உக்காந்திருக்கறது இல்ல?”

பார்லி காய்ச்சிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் குடித்தாள். நான் சிறுநீரகப் பாடத்தைப் பற்றிச் சொன்னேன். “இன்னும் மூணு வாரந்தானே. அப்பறம் ஆத்துத் தண்ணி பூரா நானே குடிச்சர்றேன், போ” என்றாள்.

மூன்று வாரம் என்பது பெரிதில்லை. இருபத்தொரு நாள். நான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

ஜூலை 23, செவ்வாய்

பன்னிரண்டு மணி நேரம். வரைபடத்தில் கட்டம் போதவில்லை. மேலே ஒரு தாள் ஒட்டினேன்.

ஜூலை 27, சனி

ஜெபமாலை அக்காவை நிறுத்திவிட்டார்கள். அவர் வண்டியை அம்மாவைவிட நன்றாக ஓட்டுவார், அம்மாவே சொல்வாள். அவர் ரிப்போர்ட்டில் ஐந்து.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். அப்பா எழுந்து உட்கார்ந்து, “வாம்மா” என்றார்.

“நான் நின்னேண்ணே. மறைக்க என்ன இருக்கு? குடிச்சேன், நின்னேன். லாரிக்கே ரேடியேட்டர்ல தண்ணி இல்லாட்டி ஓட மாட்டேங்குது. நான் என்ன லாரியவிட ஒசத்தியா?” என்று சிரித்தார். பிறகு அடுப்படியில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ இப்பிடிச் செய்யாத பூங்கொடி” என்றார். அந்தக் குரலில் சிரிப்பு இல்லை.

அவர் போன பின் அப்பா வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். “இருவத்திரண்டு வருசம் அந்த ரோட்டுல போனேன். ஒரு நாளும் இத நான் நெனச்சுப் பாத்ததில்ல” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. அம்மா அடுப்படியில் இருந்தாள். நான் படிப்பது போல இருந்தேன்.

ஆகஸ்ட் 3, சனி

சோதனை ஓட்டம் தொடங்கிவிட்டது. போகும்போது ஜவ்வரிசி, வரும்போது கோழித் தீவனத்துக்குச் சோயாப் புண்ணாக்கு. எட்டு நாள். அம்மா தன் போனில் இருக்கும் இடத்தை அப்பாவின் போனில் தெரிகிற மாதிரி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஒரு நீலப் புள்ளி. அப்பாவுக்குப் புள்ளி தெரியாது. அதனால் நான் படிக்க வேண்டும்.

“எங்க இருக்குது?”

“தோப்பூர் கணவாய் ஏறுதுப்பா.”

“ரெண்டாம் கியருல இருப்பா. நிக்கலையே?”

“நிக்கல.”

இரண்டு பேரும் மூச்சு விட்டோம்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

அனந்தபூர், கர்னூல். நிற்கவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

பள்ளிக்குப் போகுமுன் பார்த்தேன். ஐதராபாத் தாண்டிவிட்டாள். பிள்ளையாருக்கு ஒரு ரூபாய் போட்டேன். புள்ளி நிற்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். இதைத் தெளிவாக எழுதி வைக்கிறேன், நான் வேண்டியது இதைத்தான்.

ஆகஸ்ட் 7, புதன்

நாக்பூரிலிருந்து போன். குரல் உலர்ந்திருந்தது, காகிதத்தை உரசுவது போல. “குளுருது கண்ணு” என்றாள். நாக்பூரில் ஆகஸ்டில் குளிருமா என்று புவியியல் புத்தகத்தில் தேடினேன். குளிராது.

ஆகஸ்ட் 8, வியாழன்

புள்ளி ஓடுகிறது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

நேற்றைவிட மெதுவாக. ஆனால் ஓடுகிறது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நேற்றுப் பகல் மூன்று மணிக்கு வண்டி யார்டுக்கு வந்தது. அப்பாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அம்மா பதினாலு சக்கரத்தையும் இரண்டு டிரம்முக்கு நடுவே ஒரே மூச்சில் பின்னால் எடுத்து நிறுத்தினாள். மாஸ்டர் தாளை உயர்த்தி, “எட்டு நாளு! ஒரு ஸ்டாப்பேஜ் கெடயாது!” என்றார்.

எல்லோரும் கை தட்டினார்கள். கதவு திறக்கவில்லை.

மாஸ்டர்தான் ஏறிப் பார்த்தார். ஸ்டியரிங் மேல் சாய்ந்திருந்தாள். தொட்டால் சுட்டது. இறக்கும்போது வாயிலிருந்து புளியங்கொட்டை கீழே விழுந்தது. எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியும். எடுக்கவில்லை.

இப்போது ஆஸ்பத்திரி வராண்டாவில் எழுதுகிறேன். அப்பா பெஞ்சில் இருக்கிறார். சாப்பிட்டாரா என்று கேட்க மறந்துவிட்டேன். ஊசி போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

கிருமி சிறுநீரகம் வரை போய்விட்டது. இரண்டு பக்கமும் வீக்கம். டாக்டரம்மா கேட்டார், “எத்தன நாளா இப்படி?”

“நேத்துல இருந்துதானுங்க” என்றாள் அம்மா.

“தண்ணி குடிக்கறீங்களா?”

“குடிக்கறனுங்க.”

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் போனதும் அம்மா என் கையைப் பிடித்து, “அந்த நோட்ட யாருகிட்டயும் காட்டீராத கண்ணு. ஆபீசுக்குத் தெரிஞ்சா ஒடம்புக்கு ஆகாதவன்னு சீட்டைக் கிழிச்சிருவாங்க” என்றாள்.

சரி என்றேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

காய்ச்சல் இறங்கவில்லை. மருந்தை மாற்ற வேண்டும், ஆனால் எத்தனை நாளாக இப்படி என்று சரியாகத் தெரிய வேண்டும் என்று டாக்டரம்மா நர்சிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா கண்ணைத் திறக்கவில்லை. என்னைக் கூப்பிட்டபோது அவள் சொன்னது என் பெயர் இல்லை, பெரியம்மாவின் பெயர்.

நான் நோட்டை எடுத்துக்கொண்டு போய் டாக்டரம்மாவின் மேஜையில் வைத்தேன்.

அவர் வரைபடத்தைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். ஜூன் 30-இல் ரொம்ப நேரம் நின்றார். திட்டுவார் என்று நின்றுகொண்டிருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

“நீ இன்னைக்கு எப்பம்மா தண்ணி குடிச்ச?” என்றார்.

சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி என் முன்னால் வைத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும் வரை எழுதாமல் காத்திருந்தார். வெளியே நோயாளிகள் வரிசையில் நின்றார்கள்.

ஆகஸ்ட் 15, வியாழன்

மருந்து கேட்கிறது. அம்மா ஒரு இட்லி சாப்பிட்டாள்.

கொடியேற்றத்துக்குப் போய்விட்டு நூலகத்துக்குப் போனேன். விடுமுறை, பூட்டியிருந்தது.

ஆகஸ்ட் 16, வெள்ளி

அந்தப் பாலைவனப் புத்தகத்தை எடுத்தேன். கூழாங்கல் இருக்கும் பக்கத்துக்கு அடுத்த பக்கம். அன்றைக்கு நூலகம் மூடும் நேரம் என்று அங்கேயே நிறுத்திவிட்டேன்.

அடுத்த பக்கத்தில் இருந்தது: கூழாங்கல் வாயை மட்டும்தான் ஏமாற்றும். உடம்பு காய்ந்துகொண்டே இருக்கும். இப்படி இறந்தவர்களின் வாயில் கல் இருந்ததைப் பார்த்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆபீசிலிருந்து போன். வண்டி கிடைத்துவிட்டது. செப்டம்பர் ஒன்றாம் தேதி வர வேண்டும், அதுவரை ஓய்வு எடுத்துக்கொள்ளலாம், வைரல் காய்ச்சல் யாருக்கும் வருவதுதான் என்றார்களாம்; அம்மா அவர்களிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள். அம்மா போனை வைத்துவிட்டு அழுதாள். சந்தோஷமா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

மதியம் ஜெபமாலை அக்கா மூன்று இளநீரைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார். அம்மா குடித்து முடிக்கும் வரை ஊர்க்கதை பேசினார். அப்புறம் சொன்னார்.

“புது ஆளுக எட்டுப் பேரு சேந்திருக்காளுக பூங்கொடி. உன் தாளை ஆபீஸ் செவுத்துல ஒட்டி வச்சிருக்காங்க. ‘எட்டு நாளு இவ நிக்கல. இவளும் பொம்பளதானே’ன்னு அதக் காட்டித்தான் பேசறாங்க.”

அம்மா இளநீர் ஓட்டைக் கீழே வைத்தாள்.

“வினோதான்னு ஒருத்தி. இருவத்திரண்டு வயசு. நேத்து யார்டு வாசல்ல பாத்தேன், கன்னத்துல என்னமோ வச்சு உருட்டிக்கிட்டு இருந்தா. என்னடி மிட்டாயின்னு கேட்டேன். புளியங்கொட்டைக்கா, பூங்கொடியக்கா வித்தையின்னு சொல்றா.”

யாரும் என்னைப் பார்க்கவில்லை. யாராவது பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 19, திங்கள்

டப்பாவில் இருந்த கொட்டைகளைக் கொட்டிவிட்டேன். எட்டுப் பேர் வாயில் இருப்பதை எப்படிக் கொட்டுவது?

ஆகஸ்ட் 25, ஞாயிறு

அப்பா காலையிலேயே, “நோட்ட எடு” என்றார். தன்னுடன் ஓட்டிய ஆட்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போடச் சொன்னார். “மாப்ள, கிருஷ்ணகிரி போறதுக்குள்ள பொம்பளைங்க போற மாதிரி பாத்ரூம் எங்க இருக்குது?” என்று கேட்டார். எல்லோரும் முதலில் சிரித்தார்கள். அப்புறம் யோசித்தார்கள். அப்புறம் தெரியாது என்றார்கள். ஒன்பது பேர், எல்லோரும் ஆளுக்கு இருபது வருடம் அந்தச் சாலையில் ஓடியவர்கள்.

“போய்ப் பாத்துச் சொல்லுங்கடா, அந்தப் பக்கந்தானே போறீங்க” என்று அப்பா கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

ஐந்து நாளாகப் பதில் வந்துகொண்டிருக்கிறது. வரைபடத்தைக் கிழித்துவிட்டு அந்த இடத்தில் பட்டியல் எழுதுகிறேன். ஓமலூர் தாண்டி இடது பக்க பங்க்: கதவு உண்டு, தாழ்ப்பாள் உண்டு, விளக்கு இல்லை. தருமபுரி புறவழி: சாவி கேஷியரிடம், தண்ணீர் உண்டு. கிருஷ்ணகிரி டோலுக்கு முன்: மூன்று அறை, சுத்தம். ஒருவர் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்துப் படமே எடுத்து அனுப்பியிருந்தார்.

தனித் தாளில் எழுதிக் கொடுத்த பட்டியலை அம்மா வாங்கி மடித்துப் பையில் வைத்தாள். “நின்னா அடுத்த தாளு ஒட்டுவாங்க, என் பேரைச் சிவப்புல எழுதி. வண்டிய வாங்கிக்குவாங்க.”

“நிக்காட்டி?” என்றார் அப்பா.

அத்தை போன் செய்தாள். அம்மா ‘ம்’ என்றாள்.

செப்டம்பர் 1, ஞாயிறு

காலை ஐந்து மணிக்குக் கிளம்பினாள். மாஸ்டர் உடன் போகிறார். பழகுவதற்கு வினோதாவையும் ஏற்றிக்கொண்டார்கள். ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன் ஒன்றை நான்தான் தூக்கிக் கொடுத்தேன். அம்மா கேனைப் பார்த்தாள், வினோதாவின் கன்னத்தைப் பார்த்தாள், கதவைச் சாத்தினாள்.

6.25. ஓமலூர். பட்டியலில் முதல் இடம். நிற்கவில்லை.

“இன்னும் நேரமிருக்குது” என்றார் அப்பா.

7.50. தருமபுரி. நிற்கவில்லை. தோசை கருகிவிட்டது. இரண்டு பேருமே சாப்பிடவில்லை.

9.05. கிருஷ்ணகிரி. மூன்று அறை, சுத்தம். புள்ளி அதன் மேலேயே ஊர்ந்து போனது. டோலில் மெதுவாகியது. நிற்கும் என்று நினைத்தேன். தாண்டிவிட்டது.

“அப்பா, நிக்கல.”

அப்பா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். போன மாதம் இதே புள்ளியைப் பார்த்துவிட்டு, நிற்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். சாமி ஒருமுறை கேட்டதை மறக்காமல் வைத்திருக்குமா என்று தெரியவில்லை.

9.48. நின்றுவிட்டது.

சூளகிரிக்கு முன்னால். பட்டியலில் இல்லாத இடம். ஊர்கூட இல்லை.

“டயரு வெடிச்சிருக்குமாப்பா?”

“பேசாத. நிமிசத்த எண்ணு.”

இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. ஆறு. ஏழு. எட்டு. ஒன்பது.

9.57. புள்ளி நகர்ந்தது.

“ஒன்பது நிமிசம்” என்றேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கணக்குப் போட்டார். வண்டியை ஓரங்கட்ட, இறங்க, நடக்க, திரும்பி வர. விரலை மடக்கி மடக்கிப் பார்த்தார்.

“ஒருத்திக்கு அஞ்சு நிமிசம் போதும்” என்றார். “ரெண்டு பேரு எறங்கியிருக்காங்க.”

ஆபீஸ் தாளில் இந்நேரம் ஒரு ஸ்டாப்பேஜ் விழுந்திருக்கும். புள்ளி ஓசூரை நோக்கிப் போகிறது. அப்பா தண்ணீர் கேட்டார். சொம்பில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மீதியை நான் குடித்தேன்.